தலைமையாசிரியர்களுக்கான ஆறு மாத நிர்வாகப் பயிற்சி: சேரலாமா, வேண்டாமா?

இந்தப் பயிற்சியில் சேரலாமா என்று கேட்டு மூன்று தலைமையாசிரியர்கள் தனித்தனியாக எனக்கு மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நடத்தும் நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரிப் பயிற்சிகளை இப்போது பல பேர் நடத்துகிறார்கள், நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும். ஆறு மாதம், பன்னிரண்டு அமர்வுகள், எல்லாம் சேர்த்து சுமார் 60 மணி நேரம். முதல் மூன்று மாதம் ஆன்லைன், அடுத்த மூன்று மாதத்தில் ஒரு வழிகாட்டி நான்கு முறை நம் பள்ளிக்கே நேரில் வருவார். விளம்பரத்தில் இருந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: தலைமையாசிரியரின் நிர்வாகத் திறமை கூடினால் மாணவர்களின் தேர்ச்சியும் கூடும்.

நான் 18 வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தவன், தலைமையாசிரியராக இது மூன்றாவது வருடம். கணக்கு நன்றாக நடத்துகிறார், பள்ளியையும் நன்றாக நடத்துவார் என்று நம்பி அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை. டைம்டேபிள் போடுவதும் விடுப்பில் போனவர் வகுப்புக்கு ஆள் போடுவதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் பெற்றோரைச் சமாளிப்பதுமாக நாள் ஓடிவிடும். இதில் எது பிள்ளைகளின் படிப்பில் போய்ச் சேருகிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேரலாம், ஆனால் இரண்டாம் பாதிக்காக. முதல் பாதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதல் மூன்று மாதம் எனக்கு ஏமாற்றம்தான். பேச வந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனி நிர்வாகத்திலிருந்து வந்தவர்கள். நல்ல மனிதர்கள், தெளிவாகவும் பேசினார்கள். ஆனால் காலையில் முதல் மணி அடிப்பதற்குள் இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு, மூன்றாமவர் இன்னும் வந்து சேரவில்லை, மூன்று வகுப்புகள் ஆளில்லாமல் நிற்கின்றன என்கிற நிலைமையை அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பள்ளியின் தொலைநோக்கு வாசகம் எழுதுவதற்கே இரண்டு அமர்வுகள் போய்விட்டன. எங்கள் குழுவில் இருந்த அத்தனை பேரும் எழுதியதைத் திரையில் வரிசையாகக் காட்டினார்கள், எல்லாமே ஒன்றுபோல இருந்தன. எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பது ஒன்றில்கூட இல்லை.

அடுத்தது பள்ளி மேம்பாட்டுத் திட்டம். 14 பக்கப் படிவம், இரண்டு இரவு உட்கார்ந்து நிரப்பினேன். ஏற்றி முடித்த பத்தாவது நிமிடம் ‘மிகச் சிறப்பு’ என்று பதில் வந்துவிட்டது. யாரும் படிக்கவில்லை என்று அப்போதே தெரிந்துபோனது, மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அதில் ஏழாம் வகுப்புக் கணக்கைப் பற்றி என் உண்மையான கவலையை எழுதியிருந்தேன். திட்டம் எழுதுவதே மேம்பாடு ஆகிவிடாது என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்த ஒரு பெரிய முயற்சியை கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன, பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகள் கற்றதிலோ ஒரு மாற்றமும் தெரியவில்லை. இப்படி ஒரு முடிவு வெளிவந்த பிறகும் பயிற்சியின் நடு மையத்தில் 14 பக்கப் படிவத்தை வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு குறை, நல்ல ஆய்வுகளை எடுத்துக்கொண்டு அவற்றின் உயிரான பகுதியை விட்டுவிடுகிறார்கள். நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் 8 நாடுகளில் 1,800-க்கு மேற்பட்ட பள்ளிகளில் 20 நிர்வாக நடைமுறைகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, 2015-ல் வெளியிட்டார்கள். நிர்வாக மதிப்பெண் கூடுதலாக இருந்த பள்ளிகளில் மாணவர் தேர்ச்சியும் கூடுதலாக இருந்தது. தலைமையாசிரியர் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஆய்வு. ஆனால் அந்த ஆய்வின் பலமே கேள்வி கேட்ட விதத்தில் இருக்கிறது, ஆமாம்-இல்லை என்று முடிந்துவிடுகிற கேள்வியைத் தவிர்த்து, எப்படிச் செய்கிறீர்கள் என்று விரித்துச் சொல்ல வைத்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். எங்கள் பயிற்சியில் அதையே ஆமாம்-இல்லை என்று டிக் அடிக்கும் தாளாக மாற்றிவிட்டார்கள். ‘மாணவர் முன்னேற்றத்தைக் கண்காணிக்கிறீர்களா?’ என்று கேட்டால் எந்தத் தலைமையாசிரியர் இல்லை என்று சொல்வார்? ‘ஒரு பிள்ளை பின்தங்குகிறது என்பது உங்களுக்கு எத்தனையாவது வாரத்தில், யார் மூலமாகத் தெரியவரும்? கடைசியாக எப்போது தெரியவந்தது?’ என்று கேட்டிருந்தால் நான் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

பயிற்சியில் எங்களுக்குக் காட்டிய 0.84 என்கிற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர் கற்றலில் தலைமையின் தாக்கம் எவ்வளவு என்று அளக்கும் எண் அது, எண் பெரிதானால் தாக்கமும் பெரிது. விவியன் ராபின்சன் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, அதுவரை வெளியான 27 ஆய்வுகளைத் திரட்டி 2008-ல் எழுதிய கட்டுரையில் வருவது. ஊக்கமூட்டுகிற, மாற்றத்தை நோக்கி எல்லோரையும் இழுத்துச் செல்கிற தலைமையைவிட, கற்பித்தலிலேயே நேரடியாகக் கவனம் வைக்கிற தலைமையின் தாக்கம் மூன்று நான்கு மடங்கு அதிகம், அதாவது 0.11-க்கு எதிராக 0.42. அதிலும் ஆசிரியர்களோடு தலைமையாசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்குத்தான் மிக அதிகம், 0.84. இதை ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டார்கள், சரி. ஆனால் அந்த எண் குறைந்த எண்ணிக்கையிலான ஆய்வுகளிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதோடு அந்த எண் என்ன சொல்கிறதோ அதையே நாங்கள் செய்யவும் இல்லை, தலைமையாசிரியர்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படியென்றால் தலைமையாசிரியரால் தேர்ச்சி கூடும் என்ற வாக்குறுதியே மிகையா என்றால், முழுக்க மிகை என்று சொல்ல மாட்டேன். ஜேசன் கிரிஸமும் அவருடைய குழுவினரும் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் தந்த கணக்கு இது: நூறு தலைமையாசிரியர்களைத் திறமைப்படி வரிசைப்படுத்தி, கீழிருந்து 25-ஆம் இடத்தில் இருப்பவருக்குப் பதிலாக 75-ஆம் இடத்தில் இருப்பவரை வைத்தால், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தில் கணக்கில் 2.9 மாதமும் வாசிப்பில் 2.7 மாதமும் கூடுதலாகக் கற்ற பலன் கிடைக்கும். நல்ல ஆசிரியர் தன் வகுப்புக்குத் தரும் பலன் இதைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தலைமையாசிரியரின் பலன் பள்ளியில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் போகிறது. இது சின்ன விஷயம் கிடையாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்தப் பலன் ஆசிரியர் வழியாகத்தான் போகும். ஃபிலிப் ஹாலிங்கரும் ரொனால்ட் ஹெக்கும் 1998-லேயே, 15 வருட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு இதைத்தான் சொன்னார்கள், தாக்கம் இருக்கிறது, பெரும்பாலும் மறைமுகமாக. என் அறையில் ஃபைல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், ஒரு வகுப்பறையில் ஏதாவது ஒன்று மாறாதவரை ஒரு பிள்ளையின் நோட்டிலும் எதுவும் மாறாது.

இது எனக்குப் புரிந்தது இரண்டாம் பாதியில். அங்கேதான் இந்தப் பயிற்சி நன்றாக இருக்கிறது, அதை விவரமாகவே சொல்கிறேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு வாரம் முழுக்க, கால் மணிக்கு ஒரு தரம், அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று குறித்துவைக்க வேண்டும். எனக்கு வாரத்தில் கற்பித்தல் சம்பந்தமாகப் போன நேரம் மூன்று மணிக்கும் கீழே. அதோடு நானாகவே இன்னொன்றையும் எண்ணினேன்: அந்த வாரம் என் அறையிலிருந்து நடந்துகொண்டிருந்த வகுப்புகளுக்குள் எத்தனை முறை ஆள் போனது? சர்க்குலர், கையெழுத்து, ‘ஹெச்.எம். கூப்பிடுறாங்க’, பட்டியல் கேட்பது எல்லாம் சேர்த்து 41 முறை. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது 41 முறை நானே கதவைத் தட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்று வைத்தாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல். மறுவாரத்திலிருந்து முதல் நான்கு பீரியடில் யாரும் வகுப்புக்குள் போகக் கூடாது என்று நிறுத்தினேன், தகவல் எல்லாம் முதல் மணிக்கு முன்னால் அல்லது இடைவேளையில். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மூன்று நாள் சிரமமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. இந்த ஒரு வேலைக்காகவே இந்தப் பயிற்சிக்கு நன்றி சொல்லலாம்.

பிறகு வழிகாட்டி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என் அறையில் உட்காரவே இல்லை. ‘எந்த வகுப்புக்குப் போகலாம் சார்?’ என்று கேட்டார், ஏழாம் வகுப்புக்கு அழைத்துப்போனேன். பின்னக் கூட்டல் நடந்துகொண்டிருந்தது. இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி அடித்ததும் வராந்தாவில் நின்று அந்த ஆசிரியையிடம் சொன்னேன்: ‘நல்லா இருந்தது டீச்சர். போர்டு வொர்க் சுத்தம். குரலைக் கொஞ்சம் உயர்த்தினா பின்னாடி வரைக்கும் கேட்கும்.’ இத்தனை வருடமும் எனக்கு முந்தைய தலைமையாசிரியர்கள் என்னிடம் சொன்னதும் இதேதான்.

அறைக்கு வந்ததும் வழிகாட்டி தன் நோட்டைத் திறந்தார். ஒரு பக்கத்தில் 34 கட்டங்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைப்படியே. வாய் திறந்த பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு. 40 நிமிடத்தில் ஐந்து கட்டங்களில்தான் கோடுகள் இருந்தன, ஐந்தும் முன் இரண்டு பெஞ்சு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கட்டத்துக்கு அருகில் அவன் நோட்டில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார்: 1/2 + 1/3 = 2/5.

‘இதைப் பார்த்தீங்களா சார்?’

பார்க்கவில்லை. அவன் முழங்கை என் முழங்கையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தான், நான் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘நீங்க டீச்சரைப் பார்க்கப் போனீங்க. பிள்ளைங்களைப் பார்க்கப் போகலை’ என்றார், கோபமில்லாமல்.

மறுநாள் அந்த ஆசிரியையோடு இருபது நிமிடம் உட்கார்ந்தோம். என்ன கேட்க வேண்டும் என்று முன்னாடியே யோசித்து வைத்திருந்தேன், வழிகாட்டி பேசாமல் ஒரு ஓரத்தில் இருந்தார். ‘டீச்சர், இந்தக் கணக்கை இப்படிப் போட்டவங்க எத்தனை பேர் இருப்பாங்க?’ ‘ரெண்டு மூணு பேர் இருப்பாங்க சார்.’ 34 நோட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். 11 பேர். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பதினொரு நோட்டையும் தனியாக அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: ‘அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கு, விடை அரையைவிடக் குறைஞ்சிருக்கு. அது அவங்களுக்கு உறுத்தவே இல்லையே சார்.’

கணக்கு நடத்துகிறவர்களுக்குத் தெரியும், இந்த வாக்கியம் எவ்வளவு பெரிய விஷயம் என்று. பிள்ளைகள் விதியை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தால் மறுபடி விதியைத்தான் நடத்துவோம். பின்னம் என்பது ஒரு அளவு என்பதே மனசில் பதியவில்லை என்று தெரிந்தால் பாடமே வேறாகிவிடும். அவர் ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக்கொண்டு போனார், இரண்டாக, மூன்றாக, ஐந்தாக, ஆறாக மடிக்க. கூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் விடை அரைக்கு மேலா கீழா என்று ஊகித்து எழுத வேண்டும். நான் அந்த வகுப்புக்குக் கால் மணி நேரம் மட்டும் போனேன், இருவரும் பேசி வைத்துக்கொண்டபடி ஒன்றை மட்டும் பார்க்க: பின் பெஞ்சில் எத்தனை பேர் ஊகித்து எழுதுகிறார்கள் என்று. இரண்டு வாரம் கழித்து ஐந்து கேள்வி கொண்ட ஒரு சின்னத் தாள் கொடுத்தோம். அதே தப்பு 3 பேரிடம்தான் இருந்தது. இது ஒரு வகுப்பு, ஒரு பாடம், அவ்வளவுதான். இதை வைத்து வருடாந்திர ரிசல்ட் ஏறிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் என் வேலை ஒரு பிள்ளையின் நோட்டில் போய் விழுந்ததை மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

வழிகாட்டி அப்போதுதான் இன்னொரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். இதை முதல் அமர்விலேயே சொல்லியிருக்க வேண்டும். கிரிஸம், சுசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் மூவரும் 2013-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் மயாமி-டேட் பகுதியில் சுமார் 100 தலைமையாசிரியர்களை மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் கூடவே இருந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள். கற்பித்தல் தொடர்பான வேலைக்கு அவர்கள் செலவிட்டது மொத்த நேரத்தில் 12.7 சதவீதம். அதிலும் மற்ற எதையும்விட அதிக நேரம் போனது வகுப்புகளைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் ரவுண்டுக்கு. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்த நேரம் அதிகமான இடங்களில் தேர்ச்சி வளர்ந்தது, ரவுண்டு அதிகமான இடங்களில், அதுவும் உயர்நிலைப் பள்ளிகளில், எதிர்த்திசையில் இருந்தது. தினமும் காலையில் நான் போகும் ரவுண்டைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை முழுக்க விட்டுவிடவில்லை, பிள்ளைகள் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இப்போதும் போகிறேன். ஆனால் அதைக் கல்விப் பணி என்று கணக்கில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

மதிப்பெண்களைப் படிப்பது பற்றிய அமர்வு சுமார். சராசரியை வைத்தே முழு அமர்வையும் ஓட்டினார்கள். எங்கள் பள்ளியிலேயே ஒரே வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் சராசரி 61. ஒன்றில் ஏறக்குறைய எல்லோரும் 55-க்கும் 65-க்கும் நடுவில். இன்னொன்றில் பாதிப் பேர் 80-க்கு மேல், மீதிப் பேர் 40 பக்கம். இரண்டு ஆசிரியர்களிடமும் ஒரே பேச்சைப் பேசினால் எப்படி? இதை நான் கேட்டபோது நேரமில்லை என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

இந்தப் பயிற்சி தொடாத இடம் ஒன்று இருக்கிறது, அது பெரிய இடம். மறுக்கிற ஆசிரியரை என்ன செய்வது? ‘கடினமான உரையாடல்’ என்று அரை மணி நேரம் நடித்துக் காட்டியதோடு சரி. ஏழாம் வகுப்பு ஆசிரியை இளையவர், மனசு திறந்தவர். ஆனால் எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் ஸ்டாஃப் ரூமில் வைத்தே கேட்டார்: ‘இருபத்தஞ்சு வருஷமா நடத்துறேன் சார், இப்ப வந்து என் கிளாஸ்ல கட்டம் போடப்போறீங்களா?’ அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. யாரோ ஒருவர் பின்னால் உட்கார்ந்து எழுதினால் அது பிறகு எங்கே போகும் என்ற பயம் எந்த ஆசிரியருக்கும் உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணமான அனுபவமும் உண்டு. வழிகாட்டிக்குப் போன் போட்டேன். ‘முதல்ல உங்க கிளாஸுக்கு அவரைக் கூப்பிடுங்க’ என்றார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பீரியட் நான் எடுத்தேன், அவர் பின்னால் உட்கார்ந்து கட்டம் போட்டார். முடிந்ததும் தாளை என் மேஜையில் வைத்தார். நான் கேட்ட பதினொரு கேள்வியில் ஏழு ஒரே பெண்ணுக்குப் போயிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தாளை நான் ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒட்டினேன். அடுத்த வாரம் அவரே, ‘எட்டாம் வகுப்புக்கு வியாழக்கிழமை வாங்க’ என்றார். அவர் தாள் அவரிடமே இருக்கும், எந்தக் கோப்பிலும் போகாது என்று சொல்லியிருந்தேன், அதைக் காப்பாற்றினேன். இதெல்லாம் பாடத்திட்டத்தில் எங்குமே இல்லை. அந்த ஒரு மனுஷியின் அனுபவத்திலிருந்து கிடைத்தது.

அதனால் சேரப்போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, வழிகாட்டியாக யார் வருவார், அவர் பள்ளி நடத்தியவரா, எத்தனை முறை நேரில் வருவார் என்பதை. எங்கள் குழுவிலேயே இன்னொருவருக்கு வந்த வழிகாட்டி பதிவேடுகளைச் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டாராம், அவருக்கு இந்தப் பயிற்சி முழுக்க வீண்.

அப்புறம் நேரம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பள்ளிகளில் ரோலண்ட் ஃபிரையர் நடத்திய சோதனையில் தலைமையாசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி, பாடம் திட்டமிடுவது, மதிப்பெண் தரவுகளை வைத்துக் கற்பிப்பது, வகுப்பைக் கவனித்து ஆசிரியருக்கு வழிகாட்டுவது இவற்றில் மட்டும். முதல் வருடம் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி தெளிவாகக் கூடியது. இரண்டாம் வருடம் சொல்லும்படியாக இல்லை, காரணம் பயிற்சி பெற்ற பல தலைமையாசிரியர்கள் மாறிப் போய்விட்டார்கள் என்று அவரே விளக்குகிறார். அங்கே 300, இங்கே 60, அதிலும் உருப்படியானது பாதி. சான்றிதழ் கையில் வந்ததும் தொடர்பும் நின்றுவிடுகிறது. நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: தொலைநோக்கு வாசகத்தையும் 14 பக்கப் படிவத்தையும் எடுத்துவிட்டு அந்த நேரத்தை வழிகாட்டியின் கையில் கொடுங்கள். பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒன்று, பயிற்சிக்கு அனுப்பிய தலைமையாசிரியரை மறுவருடமே வேறு இடத்துக்கு மாற்றாதீர்கள்.

மதிப்பெண் கேட்டால் முதல் பாதிக்கு ஐந்துக்கு ஒன்றரை, இரண்டாம் பாதிக்கு நாலரை. புதிதாகப் பொறுப்பேற்றவர்களும், பாடம் நடத்துவதை இன்னும் விடாதவர்களும் சேருங்கள். ஆளே இல்லாமல், பாதி வகுப்புகள் ஆசிரியரின்றிக் கிடக்கும் பள்ளியில் இருப்பவர்கள் முதலில் அந்த ஆட்களுக்காகப் போராடுங்கள், இந்தப் பயிற்சி அதற்கு உதவாது.

அடுத்த குழுவில் எங்கள் உதவித் தலைமையாசிரியரைச் சேர்த்திருக்கிறேன். வழிகாட்டி வருவதற்கு அவருக்கு இன்னும் மூன்று மாதம் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று கட்டம் போட்ட தாள் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்கு மூன்றாவது பீரியட், எட்டாம் வகுப்பு அறிவியல், இரண்டு பேரும் போகிறோம்.